ஏற்கனவே எல்லை தாண்டிய பூனை

"சார், இந்தப் பூனை அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே பார்டரைத் தாண்டிப் போயிருச்சு" என்றார் சோதனைச் சாவடி அதிகாரி.

நான் மேசை மேலிருந்த கூடையைப் பார்த்தேன். கூடைக்குள் பூனை இருந்தது. சாம்பல் நிறம், நான்கு பாதங்கள் மட்டும் வெள்ளை. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"போகலை சார். இங்கேதான் இருக்கு."

முப்பது வருடத் துப்பறியும் தொழிலில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கையில் இருந்த கருவியைப் பூனையின் தோள்பட்டை மேல் இன்னொரு முறை தடவினார். அங்கே தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதில் ஒரு நம்பர் உண்டு. 'பீப்' என்றது கருவி.

"பாருங்க. கடைசி நாலு எண் 4157. இந்த நம்பர் பூனை அஞ்சு மாசம் முன்னாடி இதே கேட் வழியாப் போயிருக்கு. திரும்பி வந்ததாப் பதிவு இல்லை. ஆனா உங்க தடுப்பூசிப் புத்தகத்துல ஒட்டியிருக்கிறது 4158. பூனை ஒண்ணு, புத்தகம் இன்னொண்ணு. நான் எப்படி விடுறது?"

"பூனைக்கு ஒன்பது உயிர்னு சொல்வாங்க. அதுல ஒண்ணை முன்கூட்டியே அனுப்பி வெச்சிருக்கும்" என்றான் குண்டூசி.

குண்டூசி என் மனைவியின் தம்பி, என் உதவியாளன். ஆள் தொண்ணூற்றைந்து கிலோ. அந்தப் பட்டப்பெயர் உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, வாயைப் பார்த்து வைத்தது.

பூனை என் அக்காவுடையது. எந்த வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் முப்பத்தைந்து வருடம் நின்று ஓய்வு பெற்றவள். அவள் கணவர், என் அத்தான், இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரின் பதிவு அலுவலகத்தில், அவளுக்கு இரண்டாம் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு லிப்ட் மெக்கானிக். இங்கே அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை செய்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப் போனவர்.

எனக்கு இந்தக் கல்யாணத்தில் எந்த ஆட்சேபணையும் இல்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஆனால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொடர் செருப்புத் திருட்டு நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக என்னிடம் இருந்த ஒரே பெரிய கேஸ் அது. அதனால் அக்காவை எல்லை வரை காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு.

"மேனேஜர் வராம நான் வரமாட்டேன்" என்றாள் அக்கா அதிகாரியிடம், சாதாரணமாக.

"அம்மா, ஹெல்த் சர்ட்டிபிகேட் பத்து நாளைக்குத்தான் செல்லும். இன்னைக்குக் கடைசி நாள். இந்த ஜன்னலை அஞ்சு மணிக்கு மூடிருவோம்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதிகாரியின் முன் குனிந்தேன். "சார், அஞ்சு மணிக்குள்ள உண்மையைக் கண்டுபிடிச்சுக் காட்டறேன். என் தொழிலே அதுதான்."

"எது?"

"துப்பறியறது."

அவர் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி தரையைப் பார்த்தான்.

வெளியே தகரக் கொட்டகையின் கீழ் நீளமான சிமெண்டு பெஞ்சு இருந்தது. எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. கூடையை பெஞ்சில் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினேன். அக்கா, "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று ஒரு லாரியின் பின்னால் போனாள்.

"குண்டூசி, வர்ற வழியில டீ குடிக்க நிறுத்தினோமே. பன்னிரண்டு நிமிஷம். காருக்குக் காவல் யாரு?"

"நான்தான் அத்தான்."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"காவல்தான். கண்ணை மூடிக்கிட்டு."

"அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல பூனையை மாத்திட்டாங்க! இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாதுன்னு நினைக்கிற யாரோ ஒருத்தன் அக்கா பூனையை எடுத்துக்கிட்டு, அதே சாயல்ல வேற பூனையை வெச்சிருக்கான்."

"அந்த ஆளுக்கு அக்கா மேல அவ்வளவு அக்கறையா? உங்களைத் தவிர வேற யாருக்கும் இந்தக் கல்யாணத்துல வருத்தம் இருக்கிற மாதிரி தெரியலையே."

"எனக்கு ஆட்சேபணை இல்லை!"

"இது பதிமூணாவது தடவை."

நான் அவனை அலட்சியம் செய்துவிட்டுக் கைப்பையைத் திறந்தேன். கூடைக் கைப்பிடியில் திருடனின் கைரேகை இருக்க வேண்டும். ரேகைப் பொடி தீர்ந்துபோய் ஒரு வருடமாகிறது. முகப்பவுடர் இருந்தது. அதைத் தாராளமாகத் தூவினேன். பூனை மூன்று முறை தும்மியது. பிறகு கம்பி இடுக்கு வழியாகப் பாதத்தை நீட்டி என் புறங்கையில் நான்கு கோடு கிழித்தது.

"ரேகை கிடைச்சிருச்சு அத்தான். உங்க கையிலேயே பதிஞ்சிருக்கு."

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே, "பார்த்தியா? மேனேஜர் என்னை இப்படிப் பண்ணுமா?" என்றேன்.

"போன வாரம் பண்ணுச்சு. அதுக்கு முந்தின வாரமும். ஏழு வருஷமா உங்களை மட்டும் பார்த்தா பிராண்டுது. இவ்வளவு பழைய பகை புதுப் பூனைக்கு எப்படி வரும்? அது டீக்கடையில கிடைச்ச பூனையா இருந்தா உங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்க நியாயமே இல்லையே."

எதிர்வாதம் இல்லாத இடத்தில் புதுத் தடயத்துக்குத் தாவிவிடுவது என் வழக்கம். லாரிப் பக்கம் பார்த்தேன். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"அத்தான், அக்கா சிரிக்குது. நாளைக்குக் கல்யாணம், பூனையை உள்ள விடமாட்டேங்கறாங்க. இதுல சிரிப்பு எங்கேர்ந்து வருது?"

"அதிர்ச்சியில சிலர் அப்படித்தான் சிரிப்பாங்க" என்று விளக்கினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் தூக்கி எறிந்த நல்ல தடயங்களின் பட்டியலில் இதுவும் சேர்ந்தது.

தடுப்பூசிப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தேன். பூனையின் பெயர், நிறம், பெண் என்ற குறிப்பு, கீழே சிப் நம்பர் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர். கால் மணி நேரம் உற்றுப் பார்த்ததில் கண் வலி மட்டும் கிடைத்தது.

குண்டூசி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "57, 58. ஒண்ணா வாங்கின சினிமா டிக்கெட் மாதிரி பக்கத்துப் பக்கத்து சீட்டு."

என் கையில் இருந்த பூதக்கண்ணாடி நின்றது.

"என்ன சொன்னே?"

"சும்மா ஒரு ஜோக் அத்தான்."

"ஜோக் இல்லடா! எங்கேயோ ஒரு திருடன் வேற பூனையைக் கொண்டுவந்து வெச்சிருந்தா, அதோட நம்பர் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். பக்கத்து நம்பரா ஏன் இருக்கணும்? இந்த ரெண்டு சிப்பும் ஒரே பெட்டியிலேர்ந்து வந்தது. ஒரே கிளினிக். அநேகமா ஒரே நாள். டீக்கடையில எதுவும் நடக்கலை. ஏழு மாசம் முன்னாடி சிப் போட்ட இடத்துலதான் எல்லாம் நடந்திருக்கு!" என் குரல் எனக்கே பிடித்திருந்தது. "நான் இதை முதல்லயே சந்தேகப்பட்டேன்."

"தெரியும் அத்தான். அதான் பவுடர் போட்டீங்க."

கிளினிக்கின் நம்பர் புத்தகத்தின் அட்டையிலேயே இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சில் வைத்தேன். மணி மூன்றரை. வரவேற்பு மேசைப் பெண் எடுத்தாள். ஒரு பூனையின் சிப் விஷயமாக விசாரணை என்று சொல்லித் தேதியையும் நம்பர்களையும் கொடுத்தேன். பேரேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா சார். அன்னைக்கு ரெண்டே பூனைக்குத்தான் சிப் போட்டோம். 57, 58. ஐயோ, அந்த நாளா? அதை எப்படி மறக்க முடியும்!"

நான் குண்டூசியைப் பெருமையாகப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரெண்டு பூனையும் ஒரே கடையில வாங்கின ஒரே மாதிரி நீலக் கூடையில இருந்துச்சு சார். ஊசி போட்டு, சிப் போட்டு, மேசை மேல வெச்சிருந்தோம். ஒரு ஆள் வந்து, 'இதுதான் என் பூனை'ன்னு ஒரு கூடையைக் காட்டினார். அந்தக் கூடையோட ஸ்டிக்கரை அவர் நீட்டின புத்தகத்துல ஒட்டிக் கொடுத்தேன். மிச்சம் இருந்த ஸ்டிக்கரை அடுத்தவரோட புத்தகத்துல ஒட்டினேன். கடைசியில பார்த்தா, அந்த ஆள் எடுத்துட்டுப் போனது இன்னொருத்தர் பூனை!"

"எப்படிப்பட்ட ஆள்? அடையாளம் சொல்ல முடியுமா?"

"நரைச்ச மீசை சார். கறுப்புக் கண்ணாடி. ரூமுக்குள்ள வந்தும் கழட்டலை."

குண்டூசி மெதுவாக என் பக்கம் திரும்பினான். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"வந்ததுலேர்ந்து எங்க எல்லாரையும் முறைச்சு முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். பூனையை மட்டும் பார்க்கலை. 'நல்லாப் பார்த்து எடுங்க சார்'னேன். 'ஒரு தடவை பார்த்தா எதையும் மறக்கமாட்டேன், நான் யாருன்னு தெரியுமா'ன்னார்."

"யாருன்னு சொன்னாராம்மா?" என்று கேட்டான் குண்டூசி. அவனுக்கு அந்த நிமிடம் வாழ்க்கையின் பொற்காலம்.

"விசிட்டிங் கார்டே கொடுத்தார் சார். மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கோம். புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்குக் காட்டுவோம். படிக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன்.

பாவம், அவளுக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கமாட்டாள்.

"அப்புறம் என்னாச்சு?"

"மறுநாள் கிளினிக் திறக்கறதுக்குள்ள, அந்த ஆளை அனுப்பின அம்மா வந்து நின்னாங்க. 'என் பூனை பொண்ணு, தம்பி கொண்டுவந்தது ஆம்பளைப் பூனை'ன்னாங்க. நாங்க இன்னொருத்தரைக் கூப்பிட்டோம். அவரும் வந்தார். ரெண்டு பேரும் பூனையை மாத்திக்கிட்டாங்க. புத்தகத்துல ஸ்டிக்கர் மாறியிருக்கிறதை யாரும் கவனிக்கலை போல. எங்க தப்பும் இருக்கு சார். ஆனா நல்ல மனுஷங்க. ஒரு சண்டை இல்லை. வாசல் பெஞ்சுல உட்கார்ந்து நாங்க சாயங்காலம் கதவு பூட்டற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தாங்க."

"காலையிலேர்ந்தா?"

"நடுவுல சாப்பிடப் போனாங்க. சேர்ந்துதான் போனாங்க."

நான் போனுக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தேன். "அந்த இன்னொருத்தர் என்ன வேலை பார்க்கிறவர்?"

"லிப்ட் மெக்கானிக் சார்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. குண்டூசி மட்டும் சமயோசிதமாக, டாக்டரிடம் சொல்லி நம்பர் மாறிய விவரத்தைக் கடிதமாக எழுதி இந்தச் சோதனைச் சாவடிக்கு உடனே அனுப்பச் சொன்னான். நான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அவரை எப்படிச் சந்தித்தாள் என்று ஒருமுறை கேட்டபோது, "ஆஸ்பத்திரி லிப்ட்ல பழக்கம்" என்றிருந்தாள். நான் அந்த லிப்டில் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்து, 'உண்மைதான்' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

எப்போது வந்தாளோ, அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்பீக்கர் போன் ரகசியம் காக்கும் கருவி அல்ல.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"நம்பர் மாறினது தெரியாது. அந்த ஆபீசர் '57, 58'னு சொன்னதும் புரிஞ்சுபோச்சு. உடனே அவருக்கு போன் பண்ணேன். அவரோட பூனையையும் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். ஒன்றரை மணி நேர ரோடு. ஆனா அந்தப் பூனையைப் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சாம். கட்டிலுக்கு அடியில போயிருச்சாம்."

"அப்ப நான் இவ்வளவு நேரம் பண்ணினது?"

"நீ சும்மா இருந்தா ஆபீசரோட சண்டைக்குப் போவே. அவர் வர்ற வரைக்கும் உனக்கு ஒரு வேலை வேணுமில்ல?"

குண்டூசி பூனைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான். பூனைக்குத் தாகம் இல்லை. அவனுக்கும் சில சமயம் இங்கிதம் தெரியும்.

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். "அன்னைக்குக் கூடையை எடுத்துக்கிட்டு அவ்வளவு பெருமையா வந்தே. ஒரு வேலை உருப்படியா முடிச்சேன் பாருன்னு முகத்துல எழுதி ஒட்டியிருந்தது. ரெண்டு நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல மனசு வரலை. அப்புறம் அவரோட பழக்கமாச்சு. அப்ப இன்னும் சொல்ல முடியலை. இந்தக் கல்யாணத்துக்கு நீதான் தரகர்னு தெரிஞ்சா உனக்கு எப்படி இருக்கும்?"

"எனக்குத்தான் ஆட்சேபணை..."

"பதினாலு" என்றாள். "ஆட்சேபணை இல்லாதவன் பதினாலு தடவை சொல்லமாட்டான். குண்டூசி கணக்கு வெச்சிருக்கான். நானும்தான்."

கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ஊரில் யார் யாரோ மறைத்ததை எல்லாம் கண்டுபிடிக்கப் போய், நான் மறைத்ததை இரண்டு பேர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை நான் எங்கே போறது?" என்றேன். அது வாயைத் திறந்ததும் தானாக வந்துவிட்டது. அத்தான் இறந்த பிறகு ஒன்பது வருடம், ஒரு ஞாயிறு தவறாமல், மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். அவளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன்.

அக்கா கூடைக்குள் விரலை விட்டு மேனேஜரின் கழுத்தைச் சொறிந்தாள்.

"ரெண்டு மணி நேர ரோடு அதிகமாகும்" என்றாள். "பசியோட வா."

நாலு முப்பத்தைந்துக்கு, கேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் நீலக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை முழுவதும் பூனை முடி. அதிகாரி இரண்டு கூடைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

நான் பார்த்தேன். ஏழு மாதம் தாமதமாக, நன்றாகப் பார்த்தேன். இரண்டும் சாம்பல் நிறம். ஒற்றுமை அதோடு சரி. அவருடையது மேனேஜரைப் போல ஒன்றரை மடங்கு. இடது காது பாதிதான் இருந்தது. பாதத்தில் ஒரு துளி வெள்ளை கிடையாது.

"அத்தான்," என்று குண்டூசி என் காதருகே ஆரம்பித்தான்.

"வேண்டாம்டா."

கருவி இரண்டு முறை 'பீப்' என்றது. மேனேஜருக்குள் 57, மாப்பிள்ளையின் புத்தகத்தில் 57. அந்தத் தடியனுக்குள் 58, அக்காவின் புத்தகத்தில் 58.

"சரி. ஆனா சார், அஞ்சு மாசம் முன்னாடி இவர் பூனையை எப்படி உள்ளே விட்டீங்க? அன்னைக்கே ஸ்கேன் பண்ணியிருந்தா மாட்டியிருக்குமே?" என்றேன். எனக்குக் கொஞ்சமாவது மானம் மிச்சம் வேண்டியிருந்தது.

அதிகாரி நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அன்னைக்கு மிஷின்ல பேட்டரி இல்லை. புத்தகத்துல இருந்த நம்பரைப் பார்த்து டைப் பண்ணிட்டேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அதை நீங்க எங்கேயும் எழுத வேண்டாம். டாக்டர் லெட்டர் வந்துட்டா, ரெண்டு புத்தகத்துலயும் திருத்தம் போட்டு முத்திரை வெச்சுத் தர்றேன்."

கடிதம் நாலு ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரில் வந்தது. அதிகாரி படிவத்தை எடுத்தார். "திருத்தத்துக்குக் காரணம் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

அக்கா வாயைத் திறந்தாள். கிளினிக் தவறு என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"எழுதுங்க," என்றேன். "பூனையை எடுக்க வந்த தம்பி, பூனையைப் பார்க்காம கூடையை மட்டும் பார்த்து எடுத்துட்டுப் போயிட்டான்."

எழுதினார். "அவர் தொழில்?"

அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். பெஞ்சு முழுக்கக் கொட்டிக் கிடந்த பவுடரை ஜன்னல் வழியே பார்த்தார்.

"அந்தக் கட்டம் கட்டாயம் இல்லை சார்" என்றார் கருணையோடு.

நாலு ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது. மேனேஜருக்கு நாடு கடக்க அனுமதி கிடைத்தது.

லிப்ட் மெக்கானிக் என் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டுவதா, கும்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ஏழு மாசமா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். "இவங்க சொல்லவிடலை." பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்கு ரிஜிஸ்டர்ல பொண்ணு வீட்டுச் சார்பா ஒரு கையெழுத்து வேணும். நீங்க அவசரமாத் திரும்பணும்னு சொன்னாங்க. உங்க மச்சினர் போடறதா இருக்கார்" என்றார்.

"எனக்குக் கையெழுத்து கோணலா வரும்" என்றான் குண்டூசி.

நான் சட்டையின் உள்பையில் கைவிட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்து ஜன்னலில் வைத்தேன். காலையில் கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் அதை ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், எந்தக் கோர்ட்டிலும் என்னால் விளக்கம் சொல்ல முடியாது.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "பயணத்தோட நோக்கம்?"

"சாட்சி."

"கோர்ட்டு கேஸா?"

"கல்யாணம்."

முத்திரையை ஓங்கிக் குத்தினார். அக்கா லாரிகளின் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். தூசி விழுந்துவிட்டது என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு அதற்கு மேல் துப்பறிய எனக்கு மனமில்லை.